மலையேற்றத்துக்கு ஏற்ற நடுத்தர பைனாகுலர்: கண்ணிலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

பைனாகுலர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, “எத்தனை எக்ஸ்?” (எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்) என்றுதான். பினாங்குக் கொடிமலையின் அடிவாரமான மூன் கேட்டில் ஏறத் தொடங்கி, வழியிலுள்ள ஓய்விடமான ஸ்டேஷன் ஃபைவை எட்டுவதற்குள் அதைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் திணிப்பவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். பைக்குள் போன பைனாகுலர் அன்று முழுக்க வெளியே வராது. நீங்கள் ஜிப்பைத் திறந்து, உறையைக் கழற்றி, மூடியைத் தேடிக்கொண்டிருக்கும் வரை எந்தப் பறவையும் கிளையில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

அதனால் இங்கே வரிசை வேறு. முதலில் உங்கள் கண், அடுத்து கழுத்து, அதற்கப்புறம் உருப்பெருக்கம், கடைசியில்தான் லென்ஸின் தரமும் விலையும். நடுத்தர அளவு என்று நான் சொல்வது முன்பக்க லென்ஸ் 30 முதல் 32 மி.மீ. வரை உள்ளவற்றை. 25 அல்லது அதற்குக் கீழே என்றால் சட்டைப்பை ரகம், 42 என்றால் முழு அளவு.

1. கடைக்குப் போகும் முன் வீட்டில் முடிக்க வேண்டியவை

உங்கள் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி வாங்கிய கடையில் கேட்டால் ‘பி.டி.’ என்று குறித்து வைத்திருப்பதைச் சொல்வார்கள். அது இல்லையென்றால் தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்தபடி நில்லுங்கள். வீட்டில் ஒருவர் புருவத்தில் ஸ்கேலை வைத்து அளக்கட்டும். ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் பாதகமில்லை.

இந்த எண் ஏன் வேண்டும்? பல பைனாகுலர்கள் 56, 57 மி.மீ. வரைக்கும்தான் மடங்கும். உங்கள் அளவு 54 என்றால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் இரண்டு வட்டமும் ஒன்றாகச் சேராது. முகம் சிறியதாக உள்ள பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ‘எனக்குப் பழகவில்லை போலிருக்கிறது’ என்று தங்களையே குறை சொல்லிக்கொண்டு பக்கத்திலிருப்பவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்து, மலையில் மூக்குக்கண்ணாடியோடு பார்க்கப் போகிறீர்களா, கழற்றிவிட்டா என்று முடிவு செய்யுங்கள். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் ஃபோகஸ் சக்கரமே பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். கண் மருத்துவர் தந்த சீட்டில் சிலிண்டர் பவர் (சிதறல் பார்வைக்கானது) கணிசமாக இருந்தால் பைனாகுலரால் அதைச் சரிசெய்ய முடியாது; மூக்குக்கண்ணாடி போட்டபடியே பார்த்தாக வேண்டும். இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். இது மாறினால் வாங்க வேண்டிய மாடலே மாறிவிடும்.

கடைசியாக ஒரு சோதனை, செலவில்லாதது. 500 மி.லி. தண்ணீர் போத்தலைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறி இறங்குங்கள். நடுத்தர பைனாகுலர் ஒன்றின் எடை ஏறக்குறைய அதுதான். இறங்கி வந்ததும் கழுத்து ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி. வலித்தால், 700, 800 கிராம் வரும் முழு அளவு ரகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். யாராவது விசாரித்தால் வேண்டுதல் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

2. உடம்பில் பொறித்திருக்கும் எண்களைப் படிப்பது

8×32 என்று இருந்தால் முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் என்ன கிடைக்கும் என்பது.

32ஐ 8ஆல் வகுத்தால் 4. கண் வைக்கும் பக்கத்தில் வந்து விழும் ஒளிப்பொட்டின் அகலம் 4 மி.மீ. என்று அர்த்தம். உங்கள் கண்மணி அந்தப் பொட்டுக்குள் இருக்கும் வரை படம் தெரியும். கொஞ்சம் நகர்ந்தால் ஓரத்தில் கறுப்பு நிழல் விழும். நல்ல வெயிலில் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். காட்டு நிழலில் விரியும். காலை ஏழரைக்குக் கொடிமலைப் பாதையில் மரக்கூரைக்குக் கீழே எவ்வளவு இருட்டு என்று ஏறியவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஒப்பிடுங்கள். 10×25 தருவது 2.5 மி.மீ., 8×25 தருவது சுமார் 3, 8×32 தருவது 4, 8×42 தருவது 5.25. சட்டைப்பை ரகத்தில் கண்ணைச் சரியான இடத்தில் வைப்பதே ஒரு வேலை. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது இன்னும் கஷ்டம். முழு அளவில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் எடை இருக்கிறது. மலையேறுகிறவருக்கு நடுத்தர அளவு சரிப்பட்டு வருவதற்குக் காரணமே இந்த 4 மி.மீ.தான்.

சிலவற்றில் பார்வைப் பரப்பின் பாகையும் எழுதியிருக்கும். நிக்கோன் மோனார்க் எம்7 8×30ஐ எடுத்தால் 8.3° என்று இருக்கும். ஒரு பாகைக்கு 1000 மீட்டர் தூரத்தில் சுமார் 17.5 மீட்டர் அகலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், 8.3 என்றால் ஏறத்தாழ 145 மீட்டர். காட்டில் இந்த அகலம்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். இலைகளுக்குள் அசைவது எங்கே என்று தேடும்போது பார்வைப் பரப்பு குறுகலாக இருந்தால், கண்டுபிடிப்பதற்குள் அது போய்விடும். 7.5 பாகைக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள்.

3. எட்டா, பத்தா?

எட்டு. காட்டுப் பாதைக்கு வேறு பேச்சில்லை.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர் உங்கள் கைநடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். சமதளத்தில், கடை வாசலில் நிற்கும்போது இது தெரியாது. 400 மீட்டர் உயரம் ஏறி, இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது தூக்கிப் பாருங்கள். படம் நாடித்துடிப்போடு சேர்ந்து குதிக்கும். தாவரவியல் பூங்காப் பக்கம் மரத்தில் லோத்தோங் குரங்கு உட்கார்ந்திருந்தால், அதன் கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளை வளையத்தையும், மடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆரஞ்சு நிறக் குட்டி விரல்களால் ரோமத்தைப் பற்றியிருப்பதையும் எட்டு மடங்கிலேயே தெளிவாகப் பார்த்துவிடலாம். ஆடாத எட்டில் தெரிகிற அளவுக்கு ஆடுகிற பத்தில் தெரியாது.

அதோடு 10×32இல் ஒளிப்பொட்டு 3.2 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும், பார்வைப் பரப்பும் குறையும். ஒரே ஒரு விலக்கு உண்டு. நீங்கள் பெரும்பாலும் திறந்த இடத்தில் பார்ப்பவர் என்றால், அதாவது தெலுக் பஹாங் தேசியப் பூங்காவின் கரையோரத்திலிருந்து கடற்கழுகைப் பார்ப்பது, செபராங் பிறையில் தெலுக் ஆயர் தாவார் சேற்றுத் திட்டுகளில் கரைப்பறவைகளைப் பார்ப்பது போன்றவற்றுக்கு, பத்து உதவும். அங்கே வெளிச்சமும் இருக்கிறது, நின்று நிதானமாகப் பார்க்க நேரமும் இருக்கிறது.

4. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கான பகுதி

கண்ணுக்கும் பைனாகுலரின் பின்பக்க லென்ஸுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வரை இருந்தால் முழு வட்டம் தெரியும் என்பதை ‘ஐ ரிலீஃப்’ என்ற எண் சொல்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டால் கண் தானாகவே பின்னால் தள்ளிப்போகிறது. ஆகவே 16 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ளதாகத் தேடுங்கள். பவர் அதிகம், ஃபிரேம் கண்ணிலிருந்து தள்ளி நிற்கிறது என்றால் 17, 18 நல்லது.

ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது லென்ஸின் மேற்பரப்பிலிருந்து அளந்தது. கண் குவளையின் ரப்பர் விளிம்பு லென்ஸை விட உயர்ந்து நிற்கும்; அந்த உயரம் கழிந்ததுதான் உங்களுக்குக் கிடைப்பது. காகிதத்தில் ஒரே எண் போட்ட இரண்டு மாடல்களில் ஒன்றில் முழு வட்டமும் மற்றொன்றில் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போன்ற குறுகிய வட்டமும் தெரிவது இதனால்தான். போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கண் குவளையைத் திருகும் முறையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் குவளையை முழுக்கக் கீழே இறக்குங்கள். போடாவிட்டால் முழுக்க மேலே ஏற்றுங்கள். இதை மாற்றிச் செய்தால் ஒன்று வட்டம் குறுகும், அல்லது அவரைக்கொட்டை வடிவில் கறுப்பு நிழல் அங்குமிங்கும் மிதக்கும். ஏற்றியபடி நிழல் மிதந்தால் இன்னும் வெளியே இழுக்க முடியுமா என்று பாருங்கள். இறக்கியபடி மிதந்தால் ஒரு கிளிக் மேலே ஏற்றுங்கள். குவளை ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’கென்று நிற்க வேண்டும். விரலால் அழுத்தினால் சரிந்து இறங்கிவிடுகிற குவளை மலையில் ஒவ்வொரு தடவையும் எரிச்சலைக் கிளப்பும்.

5. எடை, பிடி, ஃபோகஸ் சக்கரம்

நடுத்தர ரகம் பெரும்பாலும் 450 முதல் 600 கிராமுக்குள் வரும். 450க்கும் 500க்கும் உள்ள வித்தியாசத்துக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கையில் எப்படி உட்காருகிறது என்பது அதைவிட முக்கியம். இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, ஆள்காட்டி விரல் தானாகவே ஃபோகஸ் சக்கரத்தின் மேல் வந்து விழுகிறதா என்று பாருங்கள். விரலை நீட்ட வேண்டியிருந்தாலோ மடக்க வேண்டியிருந்தாலோ அது உங்கள் கைக்கானது அல்ல.

சக்கரம் சீராகச் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் சுற்றி நிறுத்தி, மறுபக்கம் சுற்றத் தொடங்கும்போது கொஞ்ச தூரம் சும்மா ஓடிவிட்டுப் பிறகு பிடித்தால் அது குறை. அந்தக் குறை நாளடைவில் கூடுமே தவிரக் குறையாது.

எவ்வளவு கிட்டத்தில் உள்ளதை ஃபோகஸ் செய்ய முடியும் என்றும் பாருங்கள். உங்கள் செருப்பைப் பார்த்து அதன் தையல் தெளிகிறதா என்று சோதிக்கலாம். 2 மீட்டருக்குள் தெளிந்தால் வண்ணத்துப்பூச்சி, தும்பி, பாதையோரத்து ஓணான் எல்லாமே கணக்கில் சேரும். பறவையே வராத நாட்களில் இவைதான் துணை.

6. ஈரம்: நம் ஊரில் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்து வாங்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அங்கே வாட்டர்ப்ரூஃப் என்பது கூடுதல் வசதி. பினாங்கில் அது அடிப்படைத் தேவை. மழை ஒரு காரணம் மட்டுமே. வருடம் முழுக்கக் காற்றிலிருக்கும் ஈரப்பதம் மெல்ல உள்ளே புகுந்து, லென்ஸின் உட்புறத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். அது லென்ஸின் பூச்சையே அரித்துவிடக் கூடியது. பிரித்துத் துடைப்பதற்கு ஆகும் செலவு பல நேரங்களில் பைனாகுலரின் விலையைத் தொட்டுவிடும்.

பெட்டியில் இரண்டு விஷயம் எழுதியிருக்க வேண்டும்: உள்ளே நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பியது என்பது ஒன்று, ஐபிஎக்ஸ்7 அல்லது அதற்கு இணையான நீர்த்தடுப்பு என்பது மற்றொன்று. ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று மட்டும் எழுதி எண் எதுவும் போடாவிட்டால் தூறலைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய பாணியில் தோள்பட்டை விரிந்த போரோ பைனாகுலர்களை நான் மலைக்குப் பரிந்துரைப்பதில்லை. அதே விலைக்கு அவற்றில் படம் அருமையாக இருக்கும், ஆழமும் கூடுதலாகத் தெரியும். ஆனால் மலிவானவை பலவும் அடைத்து மூடப்படாதவை, உடம்பும் அகலம். நேர்க்குழாய் வடிவில் உள்ள ரூஃப் பிரிஸம் (பிரிஸம் என்பது உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) ரகத்தை எடுத்தால் மார்பில் ஒடுங்கிக் கிடக்கும்.

7. பெட்டியில் எழுதியிருப்பதில் எதை நம்பலாம்

‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்று இருக்க வேண்டும். காற்றுபடும் ஒவ்வொரு கண்ணாடிப் பக்கத்திலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது என்று பொருள். ‘கோட்டட்’ அல்லது ‘மல்டி கோட்டட்’ என்று மட்டும் இருந்தால் சில பக்கங்களை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ரூஃப் பிரிஸம் என்பதால் ‘ஃபேஸ் கோட்டிங்’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நுணுக்கமான கோடுகள் மழுங்கித் தெரியும். பிரிஸம் பாக்-4 கண்ணாடி என்பது நல்லது.

இ.டி. லென்ஸ் என்பது வெளிச்சமான வானத்தின் முன் கறுப்புப் பொருளைப் பார்க்கும்போது ஓரத்தில் தெரியும் ஊதா, பச்சைக் கோடுகளைக் குறைக்கும். இருந்தால் சந்தோஷம். பணம் இழுபறியாக இருந்தால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியதும் இதுவே. நீர்த்தடுப்பையும் ஐ ரிலீஃபையும் விட்டுவிட்டு இ.டி.க்குப் பணம் கட்டுவது முறையல்ல.

சிவப்பாக மின்னும் முன்பக்க லென்ஸ், ‘இரவிலும் தெரியும்’ என்ற வாசகம், 10இலிருந்து 180 வரை ஸூம் என்ற கதை, இந்த மூன்றில் எது இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். ஸூம் ரகத்தில் பார்வைப் பரப்பு குறுகிவிடும். இரண்டு குழாயும் ஒரே அளவில் நகராமல் தலைவலி கொடுக்கும். மலிவு ரகத்தில் பொறித்திருக்கும் விட்டமே பொய்யாக இருப்பதும் உண்டு. சந்தேகமாக இருந்தால் ஸ்கேலை எடுத்து முன்பக்க லென்ஸை அளந்துவிடுங்கள். 32 என்றால் 32 மி.மீ. இருக்க வேண்டும்.

8. ஐந்தடியில் வைத்துச் சோதிக்கும் வரிசை

கடைக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். ஜார்ஜ்டவுன் கடைத்தெருக்களில் வாசலிலேயே ஐந்தடி நடைபாதை இருக்கிறது. அதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது. “போஸ், போலே தெங்கோக் டி லுவார்?” (வெளியே போய்ப் பார்க்கலாமா?) என்று மலாயில் மரியாதையாகக் கேட்டால் முறைப்பவர்கள் குறைவு. கைப்பையையோ அடையாள அட்டையையோ உள்ளே கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். முடிந்தால் இரண்டு மாடல்களைச் சேர்த்தே கேளுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

முதல் வேலை, நடுக்கீலை மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துவது. பிறகு கண் குவளை. அதற்கப்புறம் டையாப்டர்.

டையாப்டர் என்பது உங்கள் இரண்டு கண்ணுக்கும் உள்ள பவர் வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வளையம்; பெரும்பாலும் வலது பக்கம் இருக்கும். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையில் சின்ன எழுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்க முன் லென்ஸை உள்ளங்கையால் மறைத்து, இரண்டு கண்ணையும் திறந்தபடியே, நடுச் சக்கரத்தைச் சுற்றி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இப்போது கையை மாற்றி இடது லென்ஸை மறையுங்கள். நடுச் சக்கரத்தைத் தொடாமல் வலது வளையத்தை மட்டும் சுற்றுங்கள். கண்ணை இறுக்கி மூடிச் செய்தால் திறந்திருக்கும் கண்ணும் சேர்ந்து சுருங்கும், அளவு தப்பிப்போகும். அதனால்தான் கையால் மறைக்கச் சொல்கிறேன்.

இதைச் செய்யாமல் ஒரு பைனாகுலரை மதிப்பிடவே கூடாது. முந்தின வாடிக்கையாளர் கண்ணுக்கு வைத்த அளவில் பார்த்துவிட்டு, “இது மங்கல்” என்று சொல்லி நல்ல பொருளை ஒதுக்குகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சரிசெய்தாகிவிட்டதா? இனி தெருவைப் பாருங்கள். பழைய கடைவீட்டின் மேல்மாடிச் சன்னலுக்குள் இருட்டாக இருக்கும் மூலையைப் பாருங்கள்; உள்ளே உள்ள பொருட்கள் எந்த மாடலில் அதிகம் பிரிந்து தெரிகின்றனவோ அது காட்டு நிழலிலும் உதவும். வானத்தின் முன் போகும் மின்கம்பியைப் பாருங்கள். ஓரத்தில் நிறக்கோடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கம்பியை வட்டத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். ஓரத்தில் கொஞ்சம் மங்குவது சகஜம், பாதி வழியிலேயே மங்கினால் வேண்டாம். சூரியனை நோக்கி மட்டும் எக்காரணம் கொண்டும் திருப்பாதீர்கள். ஒரு நொடியில் கண் போய்விடும்.

இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்பதுதான் அடுத்தது. தூணில் சாய்ந்து கையை நிலையாக வைத்து, எதிர்க்கூரையின் விளிம்பை வட்டத்தின் நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இரண்டு வட்டத்திலும் அந்த விளிம்பு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் அந்தப் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிறிய விலகலைக் கண் சில நிமிடம் தாங்கிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டில் வலியாக வந்து நிற்கும்.

அதே தூரத்தில் பிடித்தபடி வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பி, கண் பக்கத்து லென்ஸில் தெரியும் ஒளிப்பொட்டைப் பாருங்கள். சுத்தமான வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டியது போல இருந்தால் உள்ளே எங்கோ வெளிச்சத்தை இழக்கிறது.

கடைசியாக, கழுத்தில் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுங்கள். விலை பேசுங்கள், உத்தரவாத அட்டையைப் பற்றிக் கேளுங்கள். நடுநடுவே தூக்கித் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணை வைத்தவுடனே வட்டம் முழுதாகத் தெரிகிறதா, அல்லது தேட வேண்டியிருக்கிறதா? இரண்டு மாடல்களுக்கு நடுவே தீர்மானிக்க முடியாமல் நின்றால் இந்தக் கேள்வியின் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

9. ஆன்லைனிலும் பழையதிலும்

ஷோப்பியிலோ லசாடாவிலோ வாங்குவதானால், முகத்துக்குப் பொருந்தும் என்று கடையில் பார்த்து உறுதிப்படுத்திய அதே மாடலை மட்டும் வாங்குங்கள். உள்ளூர் விநியோகஸ்தரின் உத்தரவாதம் உண்டா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் வந்த அன்றே கூரை விளிம்புச் சோதனையைச் செய்துவிடுங்கள். வழியில் அடிபட்டு ஒரு குழாய் விலகுவது நடக்கிற விஷயம்தான், திருப்பி அனுப்பும் காலக்கெடுவும் குறைவு.

பழையது வாங்கும்போது கைப்பேசி டார்ச்சை முன்பக்கத்தில் சாய்வாகக் காட்டி, பின்பக்கம் வழியாகவும், பிறகு மாற்றியும் பாருங்கள். நூல் நூலாகவோ புள்ளியைச் சுற்றிக் கிளைத்தோ ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. “துடைத்தால் போய்விடும்” என்று சொல்வார்கள். துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

10. வாரைக் கட்டுவதும் முதல் ஏற்றமும்

பெட்டியோடு வரும் வாரைப் பலரும் வயிறு வரை தொங்கவிடுகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் அது பெல்ட்டில் இடிக்கும், குனிந்தால் பாறையில் மோதும். மார்புக்கு நடுவில் நிற்கும்படி வாரைச் சுருக்குங்கள். தூக்கும் தூரமும் குறையும். முதலில் முதுகுப்பை, அதற்கு மேலே பைனாகுலர். வரிசையை மாற்றினால் பையைக் கழற்றும்போதெல்லாம் இரண்டும் சிக்கும்.

கழுத்து வலிக்காரர்கள் இரண்டு தோளிலும் எடையைப் பகிரும் ஹார்னஸ் வாரை வாங்கலாம். ஆனால் அது முதுகில் குறுக்காகப் போகும் இடத்தில் வியர்வை தேங்கும். கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய செங்குத்தான இடத்தில் வாரை ஒரு தோளில் குறுக்கே போட்டு, பைனாகுலரை இடுப்புக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள்.

காலையில் புறப்படும்போது ஒரு விஷயம். இரவெல்லாம் ஏர்கோன் அறையில் இருந்த பைனாகுலரை அப்படியே எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனால் வெளியே லென்ஸ் முழுக்கப் பனி படியும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். காடியின் ஏர்கோன் வாய்க்கு எதிரே வைத்தாலும் இதே கதை. அரை மணி நேரம் முன்பே வெளிக்காற்றில் வைத்துவிடுங்கள். இது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல, பயப்பட வேண்டாம். உள்பக்கம் பனி படிந்து விரலால் துடைக்க முடியாமல் இருந்தால்தான் அடைப்பு விட்டுப்போய்விட்டது என்று பொருள்.

கொசு மருந்து தடவிய கையோடு பைனாகுலரைத் தொடாதீர்கள். டீட் என்ற மருந்து கலந்தது ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். தடவியதும் உள்ளங்கையைக் கழுவுங்கள், அல்லது கையின் பின்புறத்தால் தடவிக்கொள்ளுங்கள். சாப்பிட உட்காரும்போது பைனாகுலரை நாசி லெமாக் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். பூங்காப் பக்கத்து நீள்வால் குரங்குகள் பொட்டலத்தை இழுக்கும்போது பக்கத்தில் கிடப்பதெல்லாம் சேர்ந்தே போகும்.

11. திரும்பி வந்த பிறகு

வியர்த்த டீ-சட்டையால் லென்ஸைத் துடைப்பது எல்லாரும் செய்யும் தப்பு. துணியில் இருக்கும் மண்துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுகுழலால் தூசியை அகற்றுங்கள், பிறகு மென்தூரிகை, அதற்கப்புறம்தான் லென்ஸ் திரவம் ஒரு சொட்டு விட்ட மைக்ரோஃபைபர் துணி. கடற்கரைப் பாதையில் போய்வந்திருந்தால், நீர்த்தடுப்பு உள்ளதாக இருந்தால், குழாயின் மெல்லிய ஓட்டத்தில் உப்பு போகக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

உலர்ந்ததும் அதன் உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அந்தத் துணி உறையை மிஞ்ச ஆளில்லை. ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாப் பெட்டி ஒன்று, அதில் சிலிக்கா ஜெல் பைகள், உள்ளே ஒரு சின்ன ஈரமானி இருந்தால் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையே நிற்கட்டும். அதற்குக் கீழே வெகுவாக இறக்க வேண்டாம். ரப்பரும் மசகும் காய்ந்துபோகும். முள் 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால் அதன் பொட்டலத்தில் சொன்ன சூட்டில் உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம்.

மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து இரண்டு குழாயையும் பாருங்கள். ஓரத்தில் ஒரு நூல் தெரியத் தொடங்கும்போதே சர்வீஸுக்குக் கொடுத்தால் பூச்சைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. உத்தரவாதம் இருந்தாலும் பூஞ்சையை அதில் சேர்க்காத நிறுவனங்கள் உண்டு, அட்டையின் பின்பக்கத்தை வாங்கும் அன்றே படித்துவிடுங்கள்.